கசிவு தேடுகிறவரின் மனைவி

சுவருக்குள் குழாய் கசிந்தால், ஈரம் தெரிகிற இடத்தைத் தோண்டக் கூடாது. தண்ணீர் தனக்கு வசதியான வழியில்தான் போகும். மேல்வீட்டுக் குளியலறையில் ஒழுகுவது, தளத்துக்குள் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்து, ஏதாவது விரிசலில் தங்கி, பல நாள் கழித்துக் கீழ்வீட்டுச் சமையலறை மூலையில் மஞ்சள் கறையாக வெளியே வரும். கறையைத் தோண்டினால் கறைதான் கிடைக்கும்.

அதனால் முதலில் வீட்டில் இருக்கிற எல்லாக் குழாய்களையும் இறுக மூட வேண்டும். பெரிய குழாயில் மீட்டரைப் பொருத்தி அழுத்தம் ஏற்ற வேண்டும். முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால் உள்ளே எங்கோ இருக்கிறது. பிறகு ஒவ்வொரு கிளையாக வால்வை மூடிக்கொண்டே வர வேண்டும். எந்த வால்வை மூடியதும் முள் நிற்கிறதோ, அந்தக் கிளையில்தான் கோளாறு. கடைசியில் அந்தக் கிளை போகிற தடத்தில் இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்க வேண்டும். நல்ல குழாய் ஊமை. ஓட்டைக் குழாய் சீறும்.

அவர் அந்தத் தொழிலில் கெட்டிக்காரர். கட்டட மேஸ்திரிகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "காதைக் கூட்டிட்டு வாங்கப்பா" என்பார்கள். அவர் மனைவிக்கு அதில் ஒரு பழைய கேலி உண்டு. "பத்தடி ஆழத்துல குழாய் முனகினா உங்களுக்குக் கேட்குது. பக்கத்து ரூம்ல இருந்து நான் கூப்பிட்டா மட்டும் கேட்காது."

தொழில் அவருக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்திருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் ஒருபோதும் உடனே ஒத்துக்கொள்வதில்லை. "எங்க வீட்டுல ஒரு சொட்டுகூட ஒழுகலைங்க" என்று சத்தியம் செய்வார்கள். மீட்டரைக் காட்டினால் கோபப்படுவார்கள், சிலர் அழுவார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள். அதிலும் சிலர், மறுநாள் தரையை உடைக்க ஆள் வந்து நின்றதும், "நேத்து நீங்க வற்புறுத்தினீங்கன்னு சொல்லிட்டேன், எங்களோடது இல்ல" என்று மாற்றிப் பேசுவார்கள். அவர் சிரித்துக்கொள்வார். வாய்ப்பேச்சை நம்பி அவர் ஒரு ஓட்டையையும் கண்டுபிடித்ததில்லை.

மனைவி சோபா உறை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தாள். தடித்த துணியை மடித்து ஓரம் அடிப்பது அவள் வேலை. துணியின் அடிப்பக்கத்தில் நூல் முடிச்சு விழுந்திருந்தால் கண்ணால் பார்க்காமலே விரல் நுனியில் கண்டுபிடித்துவிடுவாள்.

அதே விரல்தான் அதையும் கண்டுபிடித்தது. ஒரு நாள் குளிக்கும்போது, சோப்பு நுரைக்கு அடியில், பெண்ணுறுப்பின் ஓரத்தில், முடிச்சு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அரிசிக் குருணை அளவுதான். வலி இல்லை. மென்மையாக இருந்தது. சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். தோலின் நிறமேதான். பாலுண்ணியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். சில வாரங்களில் அதன் பக்கத்தில் வேறு சில முளைத்தன. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, மேல்பக்கம் சொரசொரவென்று, காலிபிளவரின் ஒரு சிறு கிள்ளலைப் போல ஆகிவிட்டன. இப்போது லேசாக அரித்தது.

யாரிடம் கேட்பது? வீட்டில் இருந்த இன்னொரு பெண் அவருடைய அக்கா. தனியாக வாழ்ந்து அலுத்துப்போய்த் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். மனைவி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். ஆனால் அண்ணியிடம் தலைவலி என்று சொன்னாலே அது தெருமுனை வரை போய்த் திரும்பிவரும்.

அலமாரியில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. ஈரத்தரையில் நின்று நின்று அவர் பாதத்தில் மரு வந்தபோது வாங்கியது. மருதானே, இதுவும் மருதானே என்று ஒரு குச்சியில் தொட்டு வைத்தாள். வைத்த நொடியில் உயிர் போய்த் திரும்பியது. அடுத்த நாள் நடக்க முடியவில்லை. அப்படித்தான் அவள் தோல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். "இதுல என்னம்மா போட்டீங்க?"

"அவர் கால் மருவுக்கு வாங்கினது."

"கால் தோல் செருப்பு மாதிரி. இந்த இடம் கண்ணிமை மாதிரி. செருப்புக்குப் போடற பாலிஷை யாராவது இமைக்குப் போடுவாங்களா?" திட்டுகிற குரல்தான், ஆனால் புண்ணுக்குக் களிம்பு தடவிய கை பூவாக இருந்தது.

புண் ஆறியதும் மறுபடி வரச் சொன்னார். அன்று நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இது பாலுண்ணி இல்ல. பாலுண்ணின்னா முத்து மாதிரி வழவழன்னு இருக்கும், நடுவுல ஒரு குழி விழுந்திருக்கும். இது சொரசொரன்னு கொத்தா வருது. இதுக்குப் பிறப்புறுப்பு மருன்னு பேரு. ஒரு வைரஸால வர்றது."

"கால்ல வர்றதேதானா டாக்டர்? அவருக்கு இருந்துச்சே."

"ஒரே குடும்பம், வேற வேற ஆளு. கால்ல குடியிருக்கிறது பெரும்பாலும் அங்க வர்றதில்ல. இது உடலுறவுல தோலோட தோல் உரசும்போது வர்றது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு ஒண்ணு போதும், அது வழியா இறங்கித் தோலோட அடி அடுக்குல போய் உட்கார்ந்துக்கும். ஆணுறை போட்டா குறையும், ஆனா அது மூடாத இடமும் இருக்கில்ல? கக்கூஸ், சோப்பு, துண்டுன்னு பயப்பட வேண்டாம், அப்படி வந்ததா பார்க்கிறதே அபூர்வம்."

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "கேன்சர் ஆகிடுமா?"

"மருவை உண்டாக்கற வகை வேற, கேன்சர் பக்கம் போற வகை வேற. உங்களுக்கு வந்திருக்கிறது பெரும்பாலும் சாது வகைதான். ஆனா இன்னொரு வகையும் சேர்ந்து வந்திருந்தா மரு மாதிரி வெளிய காட்டாது. அதனால கருப்பை வாய்ப் பரிசோதனையை விடாம பண்ணிக்கணும். இந்த மருவை உறைய வெச்சு எடுத்துடலாம். திரும்ப வரும், மறுபடி எடுப்போம். முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே அதை அடக்கிடும்."

அவள் கேட்க வேண்டிய கேள்வியை இன்னும் கேட்கவில்லை. டாக்டருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

"யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. உள்ள வந்த பிறகு சில மாசத்துல மரு வரலாம். சில பேருக்கு வருஷக்கணக்கா சத்தமே இல்லாம இருந்துட்டு வரும். சில பேருக்கு வாழ்நாள் முழுக்க வராது, ஆனா அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. உங்களுக்கு முன்னாடி வந்ததால உங்ககிட்ட இருந்து ஆரம்பிச்சதுன்னு அர்த்தம் இல்ல. அவரையும் கூட்டிட்டு வாங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. கறை ஓரிடம், ஓட்டை வேறிடம், நடுவில் எவ்வளவோ காலம். தன் கணவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம் என்று நினைத்துவிட்டாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கையைக் கழுவினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். வெகுநேரம் கழித்து வந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"வெளிய தெரியாமலும் இருக்குமாம்ங்க."

"உனக்குத் தெரியுதே."

டாக்டரிடம் போனபோது அவர் நாற்காலியில் உட்காரவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் நிற்பது போல நின்றார்.

"எனக்கு ஒரு டெஸ்ட் எடுங்க. இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம்."

"மரு இல்லாத ஆம்பளைக்கு இந்த வைரஸ் இருக்கான்னு பார்க்க வழக்கமா எடுக்கிற டெஸ்ட் எதுவும் கிடையாதுங்க."

"அப்ப அவளுக்கு எடுங்க. எப்ப வந்துச்சுன்னு தெரியணும்."

"இருக்குன்னு சொல்லலாம். எப்பன்னு சொல்ல முடியாது. யாருன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சாலும் வைத்தியம் மாறப்போறதில்ல. உடம்பு இதை அடக்கறதுக்கு அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியத் தேவையில்லைங்க."

"எதுக்கும் ஒரு வாய் இருக்கும் டாக்டர். முடியாதுன்னு மத்தவங்க எழுதிக்கொடுத்த கசிவை எல்லாம் இருபது வீட்டுல நான் கண்டுபிடிச்சிருக்கேன். முடியாதுன்னு சொல்றவங்க தேடாதவங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அந்த அறையில் அப்போதே ஏதோ முடிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன் ஒரு நாள், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முன்பு ஒருவன் இருந்தான். அவருக்கும் ஒருத்தி இருந்தாள். சொல்லி முடித்ததும் இருவருக்கும் பாரம் இறங்கியது போல் இருந்தது. பேருந்தைத் தவறவிட்டதுகூடத் தெரியாமல் சிரித்தார்கள். இப்போது அந்த நிறுத்தத்திலிருந்துதான் அவர் தேட ஆரம்பித்தார்.

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு அந்தப் பொண்ணு எங்கன்னு தெரியுமா?"

"என்னோடது அடைச்ச குழாய்."

"என்னோடது மட்டும் திறந்தா கிடக்குது?"

"உன்கிட்டதானே ஈரம் தெரியுது."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "ஈரம் தெரியற இடத்துல தோண்டக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்றது நீங்கதானே?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: "அது தண்ணி. தண்ணி பொய் சொல்லாது."

அதன்பின் அவர் வால்வுகளை மூட ஆரம்பித்தார். கத்தவில்லை, கை நீட்டவில்லை. வேலையில் இருக்கும் அதே பொறுமை. முதலில் அவளுடைய மாமா மகன் போன் செய்வது நின்றது. அவனிடம் இவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்து, துணி வாங்க அவள் போய்வருகிற தோழி வீடு. அப்புறம் பட்டறை. அங்கே குழாயைப் பார்த்துக்கொடுக்கிறேன் என்று தானாகவே போய், கம்பியைத் தரையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டே, மேற்பார்வையாளரிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். அவள் எந்த மிஷினில் உட்காருவாள், பக்கத்தில் யார், வேலை முடிந்தால் யாரோடு போவாள். மேற்பார்வையாளர் மகளைக் கட்டிக்கொடுத்த மனிதர். காது வரை சிவந்துபோனார். மறுநாள் அவள் உள்ளே நுழைந்ததும் மிஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு நின்றிருந்தது.

"கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா. பிறகு நானே சொல்லி அனுப்பறேன்" என்றார் மேற்பார்வையாளர். சொல்லி அனுப்பவே இல்லை.

வீட்டில் அண்ணி குளியலறைச் சோப்பைப் பிரித்துவிட்டாள். அவளுக்குத் தனிச் சோப்பு, தனித் துண்டு, வாளிக்கு ஒரு சிவப்புக் கயிறு.

"சோப்புல எல்லாம் வராது அண்ணி. டாக்டரே சொன்னாங்க."

"டாக்டருக்கு என்ன, கை உறை போட்டுக்கறா. நான் வெறுங்கையோட இருக்கேன்." அண்ணி கொடியில் துண்டைத் தள்ளித் தள்ளிக் காயப்போட்டாள். "நல்லாத் தைக்கத் தெரிஞ்சவ நீ. எங்க பிரிஞ்சதுன்னு உனக்குத் தெரியாதாக்கும்."

டாக்டரிடம் போவதை மட்டும் அவர் தடுக்கவில்லை. கூடவே வந்து வெளியே உட்கார்ந்திருப்பார். உறையவைக்கும் குழல் தொடும்போது பனிக்கட்டியால் குத்துவது போல இருக்கும். கொப்புளமாகும், உதிரும். சில வாரம் சுத்தமாக இருக்கும். பிறகு பக்கத்தில் புதிதாக ஒன்று தட்டுப்படும். சுற்றியிருக்கும் தோலில் முன்பே இறங்கியிருந்த வைரஸ் தோல் வளர வளர மேலே வருகிறது, புதிதாக யாரும் கொடுத்ததில்லை என்று டாக்டர் சொன்னார். அவரோ ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பார்ப்பது போல அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் இறங்குது" என்றார் ஒருநாள்.

அவளுக்கு அந்தத் தொழிலில் பாதி தெரியும். அத்தனை வருஷம் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டது. "எல்லா வால்வையும் மூடியாச்சு. நான் யாரையும் பார்க்கறதில்ல, பேசறதில்ல. அப்பவும் முள்ளு இறங்கினா என்ன அர்த்தம்ங்க? நீங்களே சொல்லுங்க."

கிளைகள் எல்லாம் மூடிய பிறகும் முள் இறங்கினால் கோளாறு பெரிய குழாயில் இருக்கும். வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே இருக்கும். அவருக்குத் தெரியாமல் இல்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு ஒரு காலையில் குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. அவர் டார்ச்சோடு நின்றார். ஆணுறுப்பின் அடியில், தோல் மடிப்பில், ஒரே ஒரு சின்ன மொட்டு. அவள் குனிந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, அதேதான். பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு கணம், இனியாவது இருவரும் ஒரே பக்கம் நிற்கலாம் என்றுகூட நினைத்தாள்.

"இப்ப எனக்கும் கொடுத்துட்ட" என்றார்.

"உங்ககிட்ட முதல்லயே இருந்து இப்ப வெளிய வந்திருக்கலாம் இல்லையா?"

"எனக்கு இல்லாதப்ப உன்னோடதுன்னு ஆச்சு. வந்தப்புறமும் உன்னோடதுன்னுதான் ஆகுது. எப்படிப் பார்த்தாலும் அங்கதான் வந்து நிக்குது."

அவர் அதை வெற்றியாகச் சொல்லவில்லை. கணக்கு நேராக வந்துவிட்ட களைப்போடு சொன்னார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த மனிதர் கண்டுபிடிக்காமல் நிறுத்தமாட்டார். சுவரில் பாதி போய்விட்டது, மீதியையும் உடைப்பார். அவள் அம்மா வீட்டுக்குப் போவார், பழைய ஆளைத் தேடிப் போவார், கம்பியை ஊன்றி ஊன்றிக் கேட்பார்.

அந்த வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லம்மா, சுத்தம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஆனா உடம்பு கட்டுக்குள்ள கொண்டுவந்துடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். அவள் தலையாட்டினாள். அந்தச் செய்தியைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நான்தான்."

துணி நின்றது.

"என்கிட்ட இருந்துதான் வந்துச்சு. ஒரு தடவை தப்பு நடந்துடுச்சு. உங்களுக்குத் தெரியாத ஆளு, இப்ப இந்த ஊர்லயே இல்ல. இனிமே யாரையும் கேட்காதீங்க. போதும்."

இதைச் சொன்னதும் கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தாள். அப்படி எதுவும் ஆகவில்லை. அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. பல மாதமாக முகத்தில் இருந்த இறுக்கம் கழன்று, பேருந்து நிறுத்தத்தில் பார்த்த முகம் எட்டிப் பார்த்தது. மீட்டரை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார். அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நாற்காலியிலேயே தூங்கிப்போனார். குறட்டை விட்டார். அவள் அந்தக் குறட்டையைக் கேட்டபடி, போதும், பொய்யோ மெய்யோ வீடு மிஞ்சிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

ஓட்டை கண்டுபிடித்த பிறகு என்ன செய்வார்கள் என்பதை அவள் மறந்துவிட்டாள். அந்தக் கிளையை வெட்டி, முனையில் மூடி போட்டு இறுக்கிவிடுவார்கள்.

விடிந்ததும் கூடத்தில் அவள் பெட்டி இருந்தது. அண்ணி துணிகளை அழகாக மடித்து வைத்திருந்தாள். தனிச் சோப்பும் தனித் துண்டும் மேலே ஒரு பையில். அவர் குளித்து, சட்டை மாற்றி, வேலைக்குக் கிளம்புகிற கோலத்தில் நின்றார்.

"அம்மா வீட்டுக்கு வண்டி சொல்லியிருக்கேன். மாத்திரை, களிம்பு எல்லாம் பெட்டியோட ஓரப் பையில வெச்சிருக்கேன். மறக்காம எடுத்துக்க."

"ஏங்க, நான் நேத்து சொன்னது பொய்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நீங்க தேடறதை நிறுத்தணும்னு சொன்னேன். அப்படி யாருமே இல்ல. உங்களத் தவிர யாருமே இல்ல."

அவர் கோபப்படவில்லை. மெல்லச் சிரித்தார். தரையை உடைக்க ஆள் வந்து நிற்கும்போது மாற்றிப் பேசுகிற மேல்வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே பொறுமையான, இரக்கமான சிரிப்பு.

"கண்டுபிடிச்ச பிறகு எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார். "தெரியும். பரவாயில்ல."

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். அவள் பின்னால் இறங்கினாள். மாடிப்படித் திருப்பத்தில், சுவரை ஒட்டி மேலே ஏறுகிற குழாய்க்குப் பக்கத்தில், பழக்கதோஷத்தில் ஒரு கணம் நின்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயில் காதை வைத்தார். அவளும் நின்றாள். ஒரு சத்தமும் இல்லை.

"நல்லா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியை மறுபடி தூக்கினார்.